ஏழாம் நிரல்

ஐயா,
மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.
முதற் கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்தது.
விளங்கியது.
இரண்டாவதற்குத் தமிழில் வந்தது.
அதுதான் விளங்கவில்லை.

களஞ்சியக் கோப்ரலாக இருந்தவன் நான்.
பதினேழு வருஷம் போர்வை எண்ணினேன்,
மண்ணெண்ணெய் அளந்தேன்,
ஒரு சப்பாத்து குறைந்தால்
மற்றச் சப்பாத்தைப் பூட்டிவைத்துவிட்டு
ஆளைத் தேடினேன்.
ஒரு பதக்கம் குறைகிறது என்று நான் சொன்னால்
எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு
மட்டக்களப்புக்கு அரிசி கொண்டுபோன அணி எங்களுடையது.
தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தன,
யாரோ ஒரே கட்டளையில் படுக்கச் சொன்னதுபோல.
பெரிய வீரம் ஒன்றுமில்லை.
அரிசி நனையாமல் போய்ச்சேர்ந்தது.
அதற்குத்தான் தந்தார்கள்,
நீல நாடாவில் ஒரு வெள்ளைக் கோடு.

பதக்கம் இப்போது இல்லை.
வெள்ளவத்தையில் அலுமாரியோடு போயிற்று.
அதை நான் கேட்கவில்லை.
தீயால் அழிந்தது என்று என் கொப்பியில்
அப்போதே எழுதிக் கணக்கை மூடிவிட்டேன்.
கேட்பது ஏழாம் நிரலில் ஒரு வரி.

போன செவ்வாய் நூறாம் இலக்க பஸ்ஸில்
காலிமுகத்திடல் வரை வந்து
கொம்பனித்தெருவுக்கு நடந்து
உங்கள் கந்தோருக்கு ஏறினேன்.
மூன்றாம் மாடி. லிப்ட் வேலைசெய்யவில்லை.
லிகிதர் சதுரிக்கா நல்ல பிள்ளை.
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு
உள்ளே போய் இரண்டு பைல் எடுத்துவந்தாள்.

இரண்டு.

ஒன்றில் அருமைநாயகம்.
மற்றதில் அருமநாயக்க.
ஒரே இலக்கம், ஒரே பிறந்த திகதி,
இடது புருவத்தில் ஒரே தழும்பு.
யாரோ ஒருவர் அவசரத்தில்
கடைசி 'ம்'மை விழுங்கி
ஒரு மனிதனைப் பிறப்பித்திருக்கிறார்.

அவனுக்குப் பதக்கம் இருக்கிறது.
ஏழாம் நிரல், சிவப்பு மை, அழகான கையெழுத்து.
என் ஏழாம் நிரல் வெறுமை.
பதினோராம் நிரலில்தான் ஒரு வரி:
25.07.83 முதல் விடுப்பின்றிச் சமுகமளிக்கவில்லை. தப்பியோடியவர்.

ஐயா,
அன்றிரவு என்னையும் மனைவியையும்
பம்பலப்பிட்டி முகாமில் இறக்கியது
இராணுவ லொறி.
அதன் பின் டயர் இரண்டும்
ஜூன் மாதம் நான் கொடுத்தவை.
துண்டில் என் கையெழுத்து இருக்கும்,
தேடிப் பாருங்கள்,
டயர்த் துண்டுகளை யாரும் தொலைப்பதில்லை.
சாரதி என்னைத் தெரியாதவன்போல
முன்னாலேயே பார்த்து ஓட்டினான்.
இறங்கும்போது ஒரு போர்வையைத் தூக்கி எறிந்தான்.
அந்த மாதம் இருப்பில் ஒன்று குறைந்திருக்கும்.
அதற்கு நான் பொறுப்பு.

பிள்ளை இரண்டு பைலையும் மாறிமாறிப் பார்த்தாள்.
"ஒன்றாக்கினால் இதுவும் சேர்ந்து வரும், அங்கிள்" என்றாள்.
பதக்கம் பெற்றவனும் ஓடிப்போனவனாவான்.
யோசித்து எழுதச் சொன்னாள்.

ஐந்து நாள் யோசித்தேன்.
அவன் அதிர்ஷ்டக்காரன்.
அவன் அலுமாரி எரியவில்லை.
பாணுக்கு வரிசையில் நிற்கவில்லை,
பாதி இறாத்தலை யாருக்குக் கொடுப்பதென்று
மனைவியோடு சண்டைபிடிக்கவில்லை.
ஆனால் அவன் பைலில்
விலகிய திகதி என்று எதுவும் இல்லை, கவனித்தீர்களா?
எண்பது வயதில்
இன்னும் கடமையில் நிற்கிறான், பாவம்.

ஆகவே விண்ணப்பத்தை மாற்றுகிறேன்.
ஏழாம் நிரல் அவனிடமே இருக்கட்டும்.
என் பதினோராம் நிரலில் மட்டும்
தப்பியோடியவர் என்பதை வெட்டிவிட்டு
லொறியில் ஏற்றப்பட்டார் என்று எழுதுங்கள்.
சிவப்பு மை வேண்டாம், எதுவானாலும் சரி.
அவனை யாராவது வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கோப்ரல் சா. அருமைநாயகம்
(கடைசி எழுத்தைக் கவனிக்கவும்)

இணைப்பு: போர்வை, சாம்பல் நிறம், ஒன்று.
துவைத்தது.
பெற்றுக்கொண்டதற்குத் துண்டு தரவும்.